ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை: நோயாளிக்கு என்ன சமைப்பது, எவ்வளவு கொடுப்பது?

ஸ்டெம் செல் மாற்று என்று முடிவானதும் வீட்டார் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் "எதெல்லாம் சாப்பிடக் கூடாது?" என்பதைத்தான். தயிர் கூடாதா, பச்சைக் காய் கூடாதா, வெளித் தண்ணீர் கூடாதா என்று பட்டியல் நீளும். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கேட்பவர் குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்த மூன்று, நான்கு வாரத்தில் எடை கிலோ கணக்கில் இறங்குவது சாதாரணமாக நடக்கிறது. அப்படி இறங்குவதில் கணிசமான பங்கு தசை. தசை போனால் எழுந்து நடப்பது தள்ளிப்போகும், சளியை இருமித் துப்பக்கூடத் தெம்பு இருக்காது, வீடு திரும்பவும் நாளாகும். ஆகவே இங்கே அளவைப் பற்றி முதலில். கூடாதவை பற்றிப் பிறகு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே. ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பி.எம்.டி. பிரிவுக்கும், அதாவது எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவுக்கும், தனி உணவு விதி உண்டு. அங்கே டயட்டீஷியன் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். அவர் கையில் நோயாளியின் ரத்தப் பரிசோதனைத் தாள் இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள்தான் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றையும் உண்டாக்குகின்றன. மயலோமா, லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோய்களில் நோயாளியின் சொந்த செல்களையே எடுத்து வைத்துத் திருப்பிச் செலுத்துவார்கள். லுகேமியா, தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா என்றால் பெரும்பாலும் உடன்பிறந்தவர் அல்லது பொருத்தமான வேறொருவரின் செல்கள் வேண்டும். இந்தியாவில் இந்தச் சிகிச்சை 1983இல் மும்பை டாட்டா மெமோரியலிலும் 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியது. இன்று சென்னையிலேயே பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது.

செல்களை ஏற்றும் நாளை வார்டில் 'டே ஜீரோ' என்பார்கள். ரத்தம் ஏற்றுவதைப் போல அது சில மணி நேர வேலை, அவ்வளவுதான். பாடுபடுத்துவது அதற்கு முந்தைய நாட்களில் கொடுக்கும் உயர் டோஸ் கீமோ. வேகமாகப் பெருகும் செல்களை அது தாக்கும். மஜ்ஜையும் அப்படிப்பட்டது, முடியின் வேரும் அப்படிப்பட்டது, வாயிலிருந்து ஆசனவாய் வரை உள்ள உள்தோலும் அப்படிப்பட்டது. குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கீமோ அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறது. பழைய தோல் உதிர்ந்து, புதியது வராத நாட்களில் வாய் புண்ணாகிறது, தொண்டை எரிகிறது, பேதியாகிறது.

அதனால்தான் கீமோ முடிந்த அன்று நன்றாக இட்லி சாப்பிட்டவர் ஐந்தாவது நாள் எச்சில் விழுங்கவே தவிப்பார். பொதுவாக டே ஜீரோவுக்குப் பிறகு முதல் வாரக் கடைசியிலும் இரண்டாவது வாரத்திலும் புண் உச்சத்தில் இருக்கும். வெள்ளையணுக் கவுண்ட் ஏறத் தொடங்கும்போது வாயும் ஆறத் தொடங்கும். சொந்த செல் என்றால் இது சுமார் 10 முதல் 14 நாள். பிறர் செல் என்றால் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று வாரம். வயிற்றைக் கவனித்துக்கொள்ள நமக்கு இருக்கும் நல்ல காலம் அட்மிட் ஆவதற்கு முந்தைய வாரங்களும் அட்மிட் ஆன முதல் ஐந்தாறு நாட்களும்தான். "கீமோவுக்கு வயிறு காலியாக இருக்கட்டும்" என்று அந்த நாட்களில் பட்டினி போடுவதில் எந்த லாபமும் இல்லை.

உறையவைத்த செல்களை ஏற்றும் நாளில் இன்னொரு விஷயம். செல்களைப் பாதுகாக்கச் சேர்க்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் மூச்சு வழியாக வெளியேறும். அறை முழுக்கப் பூண்டு வாடை போல ஒன்று ஒரு நாள், இரண்டு நாள் இருக்கும். நோயாளிக்கும் வாயில் அதே ருசி. புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வது அப்போது உதவும். அவருக்கு மிகவும் பிடித்த உணவை அன்றைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். குமட்டலோடு சாப்பிட்ட பண்டம் பிறகு மாதக்கணக்கில் பிடிக்காமல் போய்விடும்.

எவ்வளவு என்பதுதான் கணக்கு

பெரியவர்களுக்குப் பொதுவாகப் பின்பற்றும் அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 30 முதல் 35 கலோரி, புரதம் 1.2 முதல் 1.5 கிராம். 55 கிலோ எடையுள்ளவருக்கு 1,650 முதல் 1,925 கலோரி, புரதம் 66 முதல் 83 கிராம். கலோரியைவிடப் புரதத்தில்தான் நம் சாப்பாடு தடுக்கி விழும். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி என்று சாப்பிட்டால் வயிறு நிறைந்தாலும் புரதம் 25 கிராமைத் தாண்டுவது கஷ்டம்.

கையில் வைத்துக்கொள்ளச் சில எண்கள்: ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல். சமைக்காத பருப்பு 30 கிராமில், சுமாராக இரண்டு மேசைக்கரண்டி, 7 கிராம். எலும்பில்லாத வெந்த கோழி 50 கிராமில் 13 கிராமுக்கு மேல். மீன் கொஞ்சம் குறைவு. பனீர் 50 கிராமில் 9 கிராம். பொட்டுக்கடலை 25 கிராமில் 5 கிராமுக்கு மேல். இட்லி ஒன்றில் 2 கிராம் மட்டுமே.

இவற்றைக் கொண்டு ஒரு நாளை இப்படிக் கட்டலாம். காலையில் இரண்டு கரண்டி பால் பவுடர் கலந்து காய்ச்சிய பால் ஒரு டம்ளர். எட்டரைக்கு மூன்று இட்லி, கெட்டியான பருப்பு சாம்பார், நன்றாக வெந்த முட்டை ஒன்று, ஒரு கரண்டி நெய். பதினொரு மணிக்குப் பாலில் காய்ச்சிய பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி. மதியம் குழைந்த பருப்பு சாதத்தில் இரண்டு கரண்டி நெய், கூடவே முள்ளெடுத்த மீன் அல்லது கோழி. நாலு மணிக்கு வாழைப்பழமும் பாலும். இரவு இடியாப்பத்தோடு பனீர் குருமா. படுக்கும்முன் இன்னும் கொஞ்சம் பால். கூட்டினால் சுமார் 1,850 கலோரி, 85 கிராமுக்கு அருகில் புரதம் வரும். மீனும் கோழியும் சாப்பிடாதவர்களுக்கு அந்த இடத்தில் சோயா உருண்டை 30 கிராம் போட்டால் 15 கிராம் கிடைக்கும்; ஆனால் வயிறு உப்புசமாக இருக்கும் நாட்களில் அது ஒத்துவராது.

சர்க்கரை நோய் இருந்தால்? சென்னையில் இந்தக் கேள்வி வராத வார்டு இல்லை. இந்த வாரங்களில் சாப்பாட்டைக் குறைத்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தப் பார்ப்பது தவறான இடத்தில் சிக்கனம். சாப்பாட்டு அளவு அப்படியே இருக்கட்டும். இன்சுலினை அதற்கேற்ப மாற்றுவது டாக்டர் வேலை. வெறும் சர்க்கரைத் தண்ணீர், ஜூஸ் மட்டும் குறைந்தால் போதும்.

சாப்பிட்டதை எழுதி வையுங்கள். வைத்ததை எழுதக் கூடாது, உள்ளே போனதை எழுத வேண்டும். தட்டில் மூன்று இட்லி வைத்து ஒன்றரை மிச்சமிருந்தால் ஒன்றரை என்றே எழுத வேண்டும். நர்ஸ் கேட்கும்போது "ஓரளவு சாப்பிட்டார்" என்ற பதில் யாருக்கும் பயன்படாது. தேவையில் பாதிக்கும் கீழே ஒரு வாரம் ஓடுமென்று தெரிந்தால் டியூப் அல்லது டிரிப் வழியாக உணவு கொடுப்பதைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு உங்கள் நோட்டுதான் ஆதாரம்.

வாய் புண்ணான நாட்கள்

மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறும்போது வாயில் ஐஸ் துண்டுகளை அடக்கி வைக்கச் சொல்வார்கள். மருந்து ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வாயின் ரத்த நாளங்கள் குளிரில் சுருங்கி இருந்தால் அங்கே மருந்து குறைவாகப் போய்ச் சேரும்; புண்ணும் குறையும். மருந்து ஏறுவதற்குச் சில நிமிடம் முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது விடாமல் வைத்திருக்க வேண்டும். பாதியில் "பல் கூசுகிறது" என்று நிறுத்தினால் பலன் போய்விடும். ஐஸ், கொதித்து ஆறிய தண்ணீரில் செய்ததாக இருக்கட்டும். உடலில் பல மணி நேரம் தங்கும் மருந்துகளுக்கு இந்த உபாயம் பலிக்காது.

வாய் கொப்பளிக்க ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. விழுங்காமல் துப்ப வேண்டும். நாளுக்கு நாலைந்து முறை, சாப்பிட்ட பிறகு கட்டாயம்.

வலி மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் பொருந்த வேண்டும். மருந்து கொடுத்து இருபது, முப்பது நிமிடம் கழித்துத் தட்டை நீட்டினால் நாலு வாய் அதிகம் போகும். பலரும் சூடாகக் கொடுக்கப் பார்ப்பார்கள். ஆனால் சூடான உணவின் வாசனையே குமட்டும், புண்ணிலும் எரியும். சமைத்தவுடன் மூடி, வெதுவெதுப்புக்கு வந்ததும் கொடுப்பது நல்லது. அறைக்குள் டிபன் கேரியரைத் திறக்காமல் வெளியே திறந்து தட்டில் போட்டுக் கொண்டுவாருங்கள். புளி, மிளகாய், எலுமிச்சை, முறுகல் தோசை, வறுவல் ஆகியவை இந்த நாட்களுக்கு ஆகாது.

இங்கேதான் நம் வீடுகளில் பெரிய ஓட்டை விழுகிறது. மென்மையான உணவு என்றால் நமக்குத் தோன்றுவது ரசம், பருப்புத் தண்ணீர், தெளிந்த சூப், இளநீர், அரிசிக் கஞ்சி. ஒரு பிடி அரிசி போட்டுக் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் எழுபது கலோரியும் ஒன்றரை கிராம் புரதமும்தான். தெளிந்த ரசத்தில் அதுவும் இல்லை. நாள் முழுக்கக் குடித்தும் ஐந்நூறு கலோரி தாண்டாது. வயிறோ தண்ணீரால் நிரம்பிவிடும். அதே கஞ்சியில் இரண்டு கரண்டி பால் பவுடரும் ஒரு டீஸ்பூன் நெய்யும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் 180 கலோரிக்கு மேலும் புரதம் ஏழு கிராமுக்கு மேலும் ஏறும். அளவு மாறவில்லை, விழுங்கும் சிரமமும் கூடவில்லை. பருப்புத் தண்ணீருக்குப் பதில் பருப்பையே மசித்துக் கரைத்துக் காய்ச்சுங்கள். கோழி சூப் என்றால் கறியை உள்ளேயே அரைத்துவிடுங்கள். வடித்துக் கொடுத்தால் சத்து சட்டியிலேயே நின்றுவிடும். கேழ்வரகுக் கூழ், ஜவ்வரிசிப் பால் கஞ்சி, ரவைப் பாயசம், முட்டை சேர்த்து நன்றாக வேகவைத்த கஸ்டர்டு எல்லாமே தொண்டையில் வழுக்கி இறங்கும்.

ஒரே நேரத்தில் ஒரு தட்டு என்ற பழக்கத்தையும் விட வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை நூறு மில்லி. தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவெளியில் கொடுங்கள். "ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவது அம்மாக்களின் இயல்பு. ஆனால் வற்புறுத்தி வாந்தி எடுத்தால் போனது எல்லாம் போய்விடும். முடியவில்லை என்று அவர் சொல்லும் நாளில் வேறு வழிகள் இருக்கின்றன.

டியூப், டிரிப்

வாய் வழி போதாதபோது முதலில் யோசிக்க வேண்டியது மூக்கு வழி டியூப். குடல் வேலை செய்கிற வரைக்கும் குடலுக்கே உணவு போக வேண்டும் என்பது இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்களின் நிலை. குடலில் உணவு படாமல் போனால் உள்தோல் மெலியும், அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்களின் வகைகளும் குறையும். நியூயார்க், டர்ஹாம், ரீகன்ஸ்பர்க், சப்போரோ ஆகிய நான்கு நகரங்களின் நோயாளிகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், பிறர் செல் பெற்றவர்களில் குடல் பாக்டீரியா வகைகள் அதிகம் நிலைத்திருந்தவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தது தெரிந்தது. உணவு ஒன்றே அதைத் தீர்மானிக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஆன்டிபயாடிக்கின் பங்கு பெரியது.

டியூபை வாய் புண்ணாவதற்கு முன்பே போட்டுவிடுவது சுலபம். புண் முற்றி, பிளேட்லெட்டும் விழுந்த பிறகு போட்டால் வலி, மூக்கில் ரத்தம் இரண்டும் வரும். மணிக்கு 20, 30 மில்லியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து. வீட்டில் அரைத்த கஞ்சியை டியூபில் விடலாமா என்று கேட்பார்கள். வெள்ளையணுக் கவுண்ட் இல்லாத நாட்களில் வேண்டாம். டியூப் அடைத்துக்கொள்ளும், கிருமியும் போகும். தொங்கவிடத் தயாராக மூடி வரும் திரவ உணவு கிருமி நீக்கியது. பவுடரைக் கரைத்து விடுவதானால் நாலு மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது.

ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது டி.பி.என். பால் நிறத்தில் தொங்கும் பை. குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு மூன்றும் அதில் இருக்கும். கடுமையான வாய்ப்புண், நிற்காத வாந்தி, குடல் அசையாமல் நின்றுவிடுவது, தீராத பேதி ஆகிய நிலைகளில் இது உயிரைக் காக்கும். ஆனால் ரத்தக்குழாயில் போட்ட லைனில் கிருமித்தொற்று, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது, ஈரல் பாதிப்பு என்ற விலையும் உண்டு. "அதையே போட்டுவிடுங்களேன், பாவம் சாப்பிட வேண்டாம்" என்று வீட்டார் கேட்பதும் டாக்டர் தயங்குவதும் இதனால்தான். டி.பி.என். ஓடும்போதும் நாலைந்து கரண்டி எதையாவது வாய் வழியாகக் கொடுத்துக்கொண்டே இருக்க அனுமதி கேளுங்கள்.

பல நாள் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாதவருக்குத் திடீரென முழு அளவு உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரசரவென இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் தையமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்துவிட்டு, கால்வாசி, அரைவாசி என்று மெல்ல ஏற்றுவார்கள். அந்த மந்தத்தைக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

கிருமி: பட்டியலைவிடக் கடிகாரம் முக்கியம்

வெள்ளையணு விழுந்த நாட்களில் பச்சைக் காய்கறி, பழம் எல்லாவற்றையும் ஒதுக்கும் கடுமையான பத்தியத்தைப் பல ஆண்டுகளாகப் பின்பற்றி வந்தார்கள். 2023இல் வெளியான இத்தாலியின் பல மைய ஆய்வில், கடும் பத்தியம் இருந்தவர்களுக்கும் நன்கு கழுவிய பழம், காயோடு சாதாரண உணவு சாப்பிட்டவர்களுக்கும் தொற்றில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அதை அப்படியே சென்னைக்கு இறக்குமதி செய்ய முடியாது. அங்கே குழாய்த் தண்ணீரில் கழுவிய ஆப்பிளும் இங்கே சம்ப்பில் தேங்கி, மாடித் தொட்டியில் ஏறி, குழாயில் வரும் தண்ணீரில் கழுவிய ஆப்பிளும் ஒன்றாகாது. இங்குள்ள பிரிவுகள் பல இன்னும் சமைத்த உணவையே கேட்பதில் காரணம் இருக்கிறது.

கிருமி பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். சமைத்த உணவு அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். கத்திரி வெயில் காலத்தில் நம் சமையலறை காலை எட்டு மணிக்கே அதைத் தாண்டிவிடும். காலையில் சமைத்து அடுப்படியில் மூடிவைத்த சாம்பாரை மதியம் ஒரு மணிக்குச் சூடுபண்ணிக் கொடுப்பது அன்றாட வழக்கம். இந்த நோயாளிக்கு அது கூடாது. சோறு இன்னும் மோசம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதை போன்ற வடிவம் சோறு கொதிக்கும்போதும் சாகாது. சோறு ஆறியதும் முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. பழைய சோற்றின் பெருமை எல்லாம் வாஸ்தவம்தான். கவுண்ட் வரும்வரை அது நோயாளிக்கு இல்லை.

தாம்பரத்தில் சமைத்துத் தேனாம்பேட்டைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் வழியிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, ஆஸ்பத்திரியில் திறக்கும்போது 60க்கு மேல் காட்டுகிறதா என்று முதல் இரண்டு நாள் பாருங்கள். காட்டாவிட்டால் அந்தப் பிளாஸ்க் வேண்டாம். முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் அறை எடுத்து அங்கேயே சமைப்பது மேல். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இட்லி நல்ல தேர்வு. மாவு புளித்தது என்றாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வெந்துவிடுகிறது. தோதில்லாதது பக்கத்தில் இருக்கும் தேங்காய்ச் சட்னி. மேலே தாளிப்பு விழுந்தாலும் சட்னி பச்சைதான். கடப்பா, கொத்சு, சாம்பார் என்று கொதித்ததைக் கொடுங்கள். கொத்தமல்லித்தழை, மிளகுத்தூள், பெருங்காயம் எதையும் இறக்கும்போது தூவாமல் கொதியில் சேர்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஊறுகாய், வெளியில் வாங்கும் பொடிகள், பழைய வேர்க்கடலை வேண்டாம். முட்டை மஞ்சள் கருவும் கெட்டியாகும் வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேக வேண்டும்; ஹாஃப் பாயிலும் கலக்கியும் கிடையாது.

பால் பாக்கெட் பாலாக இருக்கட்டும், அதையும் பொங்கக் காய்ச்சுங்கள். எதிரில் கறந்து தரும் பால் சுத்தம் என்ற நம்பிக்கையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். தயிர் விஷயத்தில் பிரிவுக்குப் பிரிவு விதி மாறும்; வீட்டில் உறைகுத்தியதைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. நல்ல பாக்டீரியா என்று விற்கும் பானங்களிலும் மாத்திரைகளிலும் உள்ள கிருமிகள் கவுண்ட் இல்லாதபோது ரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு. கோயில் தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் அன்போடு வரும். கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்துவிடுங்கள்.

கேன் தண்ணீரானாலும் ஆர்.ஓ. தண்ணீரானாலும் தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடமாவது கொதித்தாக வேண்டும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிட்டு, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கையை விட்டு மொள்ளாமல் சாய்த்து ஊற்றுங்கள்.

யாரும் நினைக்காத இடம் மிக்ஸி ஜார். பிளேடின் அடியிலும் மூடியின் வாஷருக்குள்ளும் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். கழற்றித் தேய்த்து, கொதிநீர் ஊற்றிய பிறகே நோயாளிக்கு அரைக்க வேண்டும். அடுப்படித் துணியும் பாத்திரம் தேய்க்கும் நாரும் அதே கதைதான். கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் துளிகள் ஒரு முழம் சுற்றி விழும். கழுவியே தீர வேண்டும் என்றால் ஆழமான பாத்திரத்துக்குள் மெதுவாக. காய்க்கும் கறிக்கும் தனித்தனி அரிவாள்மனை அல்லது பலகை.

பழங்களில் வாழைப்பழம், கமலா ஆரஞ்சு போல உரித்துத் தின்பவை, அதுவும் பிரிவு அனுமதித்தால். உரிக்கும் முன்பே கழுவுங்கள், தோலில் இருப்பது விரல் வழியே சுளைக்குப் போகும். கடையில் நறுக்கிவைத்த பப்பாளியும் தர்பூசணியும் வேண்டவே வேண்டாம்.

ரத்தம் ஊற, கவுண்ட் ஏற

பீட்ரூட், மாதுளை, பேரீச்சை, ஆட்டு மண்ணீரல், ரத்தப் பொரியல் எல்லாம் இந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து குவியும். கவுண்ட் ஏறுவது ஏற்றிய செல்கள் மஜ்ஜையில் வேர்பிடிப்பதால். எந்த உணவும் அதை முடுக்காது. பலமுறை ரத்தம் ஏற்றியவர் உடலில் இரும்புச்சத்து தேவைக்கு மேலேயே தேங்கி இருக்கும், ஆகவே டாக்டர் சொல்லாமல் இரும்பு டானிக் கூடாது. பிளேட்லெட்டுக்காகப் பப்பாளி இலைச் சாறு கொடுப்பது பச்சை இலையின் கிருமியை நேராக உள்ளே அனுப்புவது. நிலவேம்பு, கபசுரக் குடிநீர், மூலிகைப் பொடிகள், மஞ்சள் கேப்ஸ்யூல் போன்றவை ஈரலையும் மருந்தின் அளவையும் குழப்பலாம். குழம்பில் போடும் மஞ்சள்தூளுக்கு இந்தத் தடை இல்லை.

"ஆல்புமின் இறங்கிவிட்டது, தினம் பத்து முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள்" என்ற யோசனையும் அடிக்கடி காதில் விழும். ஆல்புமின் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்; காய்ச்சலும் அழற்சியும் இருக்கும்போது அது தானே இறங்கும். முட்டையைப் புரதத்துக்காகக் கொடுங்கள். அந்த எண்ணைத் துரத்த வேண்டாம்.

பிறர் செல் பெற்றவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்க சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் சாப்பிடுவார்கள். பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் இந்த மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றி சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதே மருந்துகள் பொட்டாசியத்தையும் ஏற்றும், மெக்னீசியத்தை இறக்கும். பொட்டாசியம் ஏறியிருக்கும்போது நாளுக்கு மூன்று இளநீர் கொடுப்பது நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்வது. பூஞ்சைக்கான மருந்துகளிலும் வித்தியாசம் உண்டு: வோரிகோனசோல் மாத்திரை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ, போசகோனசோல் சிரப் கொழுப்புள்ள சாப்பாட்டோடு. மாற்றிக் கொடுத்தால் மருந்து உடலில் குறைவாகவே சேரும்.

பேதி நிற்காதபோது

பிறரின் செல்கள் நோயாளியின் குடலைத் தாக்குவதை ஜி.வி.எச்.டி. என்பார்கள். தண்ணீராகப் பேதி, வயிற்று முறுக்கல், சில சமயம் ரத்தம். ஒரு நாளில் எத்தனை முறை என்பதைவிட எத்தனை மில்லி என்பது டாக்டருக்கு முக்கியம். 500 மில்லிக்கு மேல், ஒரு லிட்டருக்கு மேல், ஒன்றரை லிட்டருக்கு மேல் என்று கடுமையை அளப்பார்கள். ஆகவே அளவுக் குடுவையில் பிடியுங்கள்.

கடுமையாக இருந்தால் முதலில் குடலுக்கு ஓய்வு, உணவு டிரிப்பில். அடங்கும்போது இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை 60 மில்லி அளவில் பாலில்லாத, நாரில்லாத, இனிப்புக் குறைந்த திரவம். அது தங்கினால் அடுத்த கட்டத்தில் குழைந்த வெள்ளைச் சோறு, தோலில்லாத வெந்த கோழி, வெள்ளைக்கரு, மசித்த உருளை. இந்தக் கட்டத்தில் கொழுப்பு நாளுக்கு 20 முதல் 40 கிராமுக்குள். முன்பு நெய் ஊற்றச் சொன்னோம், இப்போது கரண்டியை எடுத்துவிடுங்கள். பால், தோலுள்ள பருப்பு, கீரை, காரம், காபி கடைசியில் ஒவ்வொன்றாகத் திரும்பும். இரண்டு நாளுக்கு ஒரு புதுப் பண்டம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பேதி வந்தால் எதனால் என்று தெரியாது.

இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், சர்க்கரையை ஏற்றும், தொடைத் தசையைக் கரைக்கும், எலும்பின் கால்சியத்தை எடுக்கும். எடை கூடுகிறதே என்று மகிழ்வதற்குள் அவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா என்று பாருங்கள். எடை நீராகவும் இருக்கலாம். புரதத்தைக் கிலோ எடைக்கு 1.5 கிராம் அளவில் வைத்து, உப்பைக் குறைத்து, டாக்டர் சொன்ன கால்சியம், வைட்டமின் டி மாத்திரையோடு தினமும் நடையும் சேர வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் புரதம் மட்டும் தசையாகாது.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதும் நாக்கு திரும்பாது. எல்லாம் தகரம் மாதிரி, மண் மாதிரி இருக்கிறது என்பார்கள். பலருக்கு இது சில மாதம் நீடிக்கும். கறி பிடிக்காதவருக்கு முட்டை, பனீர், பருப்படை என்று மாற்றிப் பாருங்கள். ஸ்டீல் கரண்டிக்குப் பதில் மரக் கரண்டி சிலருக்கு உதவுகிறது. சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களைச் சிறுநீரகம் காக்க நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கச் சொல்வார்கள். அதில் ஒரு பகுதி பாலாகவும் சத்துக் கஞ்சியாகவும் இருக்கட்டும்.

உணவுக் கட்டுப்பாடு சொந்த செல் என்றால் பெரும்பாலும் மூன்று மாத அளவில் தளரும். பிறர் செல் என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து நிற்கும்வரை நீளலாம். ஹோட்டல் சாப்பாட்டுக்கு அனுமதி கிடைத்தாலும் கண்ணெதிரே சுட்டுத் தரும் தோசையில் தொடங்குங்கள். பஃபேயும் பானி பூரியும் கடைசி வரிசையில். கரண்ட் போனால் பிரிட்ஜை நாலு மணி நேரம் வரை திறக்காமல் வைத்திருந்தால் உள்ளே இருப்பது தாங்கும். அதற்கு மேல் போனால் பாலும் கறியும் மற்றவர்களுக்கே வேண்டாம்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினாலோ ஏறினாலோ அடுத்த ஓ.பி. வரை காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும். ஒரு நாள் முழுக்க மாத்திரையே வயிற்றில் தங்கவில்லை என்றாலும், பேதி அரை லிட்டரைத் தாண்டினாலும், 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலும் அன்றே, நடுராத்திரியானாலும்.